கூலியில் எடுத்து வைத்த சந்தா

நொய்யல் கரையில் வாசிப்பு: வரலாற்றுத் தொடர் – 9

சென்ற இதழில் படிப்பகங்களைப் பார்த்தோம். டீக்கடை பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, நாலு பேர் சுற்றி நின்று கேட்ட காலம் அது. செய்தி கேட்டவர்கள் கதையும் கவிதையும் படிக்கத் தொடங்கியது எப்படி, படித்தவர்களில் சிலர் தாமே பேனாவை எடுத்தது எப்படி என்பதை இந்த இதழில் பார்ப்போம். இரண்டு கேள்விகளுக்கும் விடை இலக்கியப் பத்திரிகைகளில் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து அவிநாசி சாலையில் குமார் நகர், பெரியார் காலனி தாண்டினால் அனுப்பர்பாளையம். பனியன் ஊரின் ஓரத்தில் இருந்தாலும் இதன் பழைய அடையாளம் பாத்திரம்தான். பித்தளைக் குடம், செம்பு அண்டா, பிறகு எவர்சில்வர் என்று தகட்டைத் தட்டியே பிழைத்த ஊர். பொங்கல் நெருங்கினால் பட்டறைகளில் ராத்திரியும் சுத்தியல் சத்தம் ஓயாது. தெற்கே போகப் போகப் பனியன் கம்பெனிகள். அங்கே கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயனிங் என்று வேலை பிரிந்துகிடக்கும். அவசர ஆர்டர் வந்தால் ஒரு ஷிப்டு ஒன்றரை ஷிப்டாக நீளும். சனிக்கிழமை ராத்திரி கூலி கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மூச்சு விடலாம்.

பட்டறைக்கும் கம்பெனிக்கும் வந்தவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். கல்லூரித் தமிழ்த் துறைக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் நவீன இலக்கியத்தைப் படிக்கவும் வாதாடவும் எழுதிப் பார்க்கவும் ஒரு வாசலைத் திறந்துவைத்தவை சிறுபத்திரிகைகள். அவை ஊரூராகப் பரவிய கதையில் இந்த வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

எதை வைத்துச் செல்வாக்கு என்கிறோம்?

ஆனந்த விகடன், கல்கி, குமுதம் ஆகிய வார இதழ்களுக்கு லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள். தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காகக் கடை வாசலில் காத்துக்கிடந்தவர்கள் உண்டு. அந்தப் பக்கம் தராசுத் தட்டு அப்படித் தாழ்ந்திருக்க, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையிலிருந்து ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டார். அந்த எண்ணிக்கையைக்கூட ‘எழுத்து’ ஒருநாளும் எட்டவில்லை. 1970 வரை 119 இதழ்கள் வந்து நின்றுபோயிற்று.

கணக்கு அவ்வளவுதான். விளைவு என்ன? 1962-இல் ‘எழுத்து’ வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இருந்தன. தமிழில் புதுக்கவிதை என்ற ஒன்று நிலைபெற்றுவிட்டது என்பதற்கு அந்த மெலிந்த நூல் சாட்சியாயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து நகுலன், நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, கடல் தாண்டித் திருகோணமலையிலிருந்து இருபதைச் சற்றே கடந்த தருமு சிவராமு என்று ஒருவரை ஒருவர் முகம் பார்க்காதவர்கள் அந்தப் பக்கங்களில் கூடினார்கள். ‘எழுத்து’வில் எழுதிய சி. மணி 1968-இல் சேலத்திலிருந்து ‘நடை’ கொண்டுவந்தார். 1970-இல் சென்னையில் ‘கசடதபற’ பிறந்தது. ஒரு பத்திரிகையில் எழுதியவர் அடுத்த பத்திரிகையைத் தொடங்குகிறார். அதைப் படித்தவர் வேறோர் ஊரில் இன்னொன்றைத் தொடங்குகிறார். சிறுபத்திரிகையின் செல்வாக்கு இப்படித்தான் பெருகியது. இதை விற்பனைக் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஒரு பிரதி எத்தனை பேரைப் படிக்கவைத்தது, அவர்களில் எத்தனை பேரை எழுதவைத்தது என்று பார்த்தால்தான் பிடிபடும்.

கொங்குக்கு வந்த வழி

கொங்கு நாட்டுக்கும் இலக்கியப் பத்திரிகைக்கும் உறவு ‘எழுத்து’க்கும் முந்தியது. 1933 செப்டம்பரில் கு. சீனிவாசன், டி.எஸ். சொக்கலிங்கம், வ.ரா. மூவரும் தொடங்கிய ‘மணிக்கொடி’, பி.எஸ். ராமையா காலத்தில் சிறுகதைக்கான பத்திரிகையாக மாறியது. புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் மௌனியும் எழுதிய அதே மணிக்கொடியில் தாராபுரம் வட்டாரத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரமும் எழுதினார். 1942-இல் வந்த அவருடைய ‘நாகம்மாள்’ கொங்கு வேளாண் குடும்பத்தையும் அந்த மக்களின் பேச்சையும் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது. பின்னாளில் தம் சகோதரரோடு சேர்ந்து கோவையில் ‘வசந்தம்’ பத்திரிகையை அவர் நடத்தினார். பட்டணத்துப் பத்திரிகையில் எழுதிய கிராமத்துக்காரர் தம் வட்டாரத்துக்கென்று ஒரு பத்திரிகையை எடுத்து நடத்தினார் என்பது நமது கதையின் முதல் கண்ணி.

இரண்டாவது கண்ணி இடதுசாரி இயக்கம். 1955-இல் வ. விஜயபாஸ்கரன் தொடங்கிய ‘சரஸ்வதி’யில்தான் ஜெயகாந்தனும் சுந்தர ராமசாமியும் தங்கள் தொடக்கக் காலக் கதைகளில் பலவற்றை எழுதினார்கள். 1959-இல் ப. ஜீவானந்தம் ‘தாமரை’யைத் தொடங்கினார். 1961-இல் கோவையில் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றம் உருவானது. 1970-இல் கே. முத்தையாவின் முயற்சியில் மதுரையிலிருந்து ‘செம்மலர்’ வந்தது. 1975-இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பிறந்தது.

பனியன் தொழிலாளிக்கும் பாத்திரத் தொழிலாளிக்கும் இவை எட்டியதற்குக் காரணம் சங்கங்கள். கூலி உயர்வுப் பேச்சு, போனஸ் பேச்சு என்று அடிக்கடி கூடும் இடத்தில் துண்டறிக்கையோடு ‘தாமரை’யும் ‘செம்மலரும்’ மேசைமேல் கிடக்கும். பஞ்சப்படி கேட்டு 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் திருப்பூர். அவ்வளவு நாள் ஒன்றாக நிற்கத் தெரிந்த ஊரில் பேச்சுக்கும் பாட்டுக்கும் அச்சடித்த தாளுக்கும் மதிப்பு இருந்தது. தன்னைப் போன்ற ஒருவன் ஒரு கதையில் வருகிறான் என்று தெரிந்த பிறகு தொழிலாளி அந்தப் பத்திரிகையைத் தன்னுடையதாகவே நினைத்தான்.

மூன்றாவது கண்ணி ‘வானம்பாடி’. 1971 அக்டோபரில் கோவையிலிருந்து ‘விலையிலாக் கவிமடல்’ என்ற அறிவிப்போடு வந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சக்திக்கனல், கங்கைகொண்டான் என்று பெரிய கூட்டம் அது. ஆசிரியர்களும் மாணவர்களுமாகக் கைக்காசு போட்டு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். கவிதை என்றால் யாப்பு தெரிந்திருக்க வேண்டும் என்ற பயம் கல்லூரி வாசலில் உடைந்தது. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர் என்று ஆளுக்கொரு நோட்டில் கவிதை எழுதத் தொடங்கினார்கள். அதில் கோஷம் மிகுதி, கவிதை குறைவு என்று ‘எழுத்து’ மரபில் வந்தவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் எழுதலாம் என்ற துணிச்சலை ஆயிரம் பேருக்குக் கொடுத்த இயக்கத்தை அதன் சுமாரான கவிதைகளை மட்டும் வைத்து எடைபோடுவது சரியாகாது.

வானம்பாடியின் உள்ளிருந்தே அதை விமர்சித்தவர் கோவை ஞானி. திருப்பூருக்குப் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூரில் 1935-இல் பிறந்தவர், பள்ளியில் தமிழாசிரியர். ‘புதிய தலைமுறை’, ‘பரிமாணம்’, ‘நிகழ்’, ‘தமிழ்நேயம்’ என்று ஒன்று நின்றால் இன்னொன்றைத் தொடங்கிக்கொண்டே இருந்தார். 1980-களின் இறுதியில் நீரிழிவு நோயால் கண்பார்வை போயிற்று. பத்திரிகை நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. வந்த படைப்புகளை உதவியாளர்கள் வாசிக்க, காதால் கேட்டுத் தேர்ந்தெடுத்தார். தலையங்கத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 2020-இல் மறையும்வரை அந்த வீட்டில் வாசிப்பு நிற்கவில்லை. பத்திரிகை நடத்துவது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய கடமையாக முடியும் என்பதற்குக் கொங்கு மண்ணில் இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஓர் இதழ் உருவாகும் விதம்

இன்றைய இளைஞர்களுக்கு அந்தக் கால வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் படி அச்சகத்துக்குப் போகும். கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாக ஈய அச்சைப் பொறுக்கிக் கோப்பார். காலி புரூப் வரும். திருத்திக் கொடுத்தால் மறுபடி ஒரு புரூப். எழுத்துகள் குறைவாக உள்ள சிறிய அச்சகம் என்றால், எட்டுப் பக்கத்தை அச்சடித்து முடித்துக் கோத்ததைப் பிரித்த பிறகுதான் அடுத்த எட்டுப் பக்கத்துக்கு எழுத்து கிடைக்கும். கல்யாணப் பத்திரிகைக் காலம் வந்துவிட்டால் இலக்கியம் ஓரமாக உட்கார வேண்டியதுதான். காலால் மிதிக்கும் டிரெடிலில் ஒவ்வொரு தாளாகக் கொடுத்து எடுப்பார்கள். மடித்து, பின் அடித்து, மேலுறை சுற்றி, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி அஞ்சலகத்துக்குச் சுமந்து போவதுவரை ஆசிரியர் வேலைதான். அட்டையின் உள்பக்கத்தில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். பத்திரிகையாக முறைப்படி பதிவு செய்ய வசதியில்லாதவர்கள் போட்டுக்கொண்ட வரி அது.

பணம் மணியார்டரில் வரும். அந்தப் படிவத்தின் அடியில் பணம் பெறுபவருக்குக் கிழித்துக் கொடுக்கும் ஒரு சிறு கூப்பன் உண்டு. சந்தாதாரர் அதில் இரண்டு மூன்று வரி எழுதலாம். சந்தாவோடு போன இதழின் கதை பிடித்ததா, கவிதை புரிந்ததா என்பதையும் நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்புவார்கள். எத்தனையோ ஆசிரியர்கள் தம் வாசகரை முதலில் அறிந்தது அந்தக் கூப்பனில்தான். அடுத்து ஒரு நீண்ட கடிதம் வரும். கடிதம் நன்றாக இருந்தால் ‘நீங்களே ஒரு கதை எழுதிப் பாருங்களேன்’ என்று ஆசிரியரின் அஞ்சலட்டை போகும். சம்பளத்துக்கு உதவியாசிரியர் வைத்து நடத்தும் வார இதழில் இது நடக்காது. சிறுபத்திரிகையின் பலம் முழுக்க இங்கேதான் இருந்தது. படிப்பவருக்கும் எழுதுபவருக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டை தூரம்தான்.

சிறுபத்திரிகைக்கும் வார இதழுக்கும் நடுவில் பாலமாக நின்ற பத்திரிகைகளும் உண்டு. 1965-இல் கஸ்தூரிரங்கன் டெல்லியிலிருந்து தொடங்கிய ‘கணையாழி’யில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்தைப் படிக்க வந்தவர்கள் முன்பக்கங்களில் இருந்த அசோகமித்திரனையும் படித்தார்கள். அதே 1965-இல் தொடங்கிய நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’ இதழில்தான் வல்லிக்கண்ணன் புதுக்கவிதையின் வரலாற்றைத் தொடராக எழுதினார். நூலான பிறகு அதற்கு 1978-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதன் நடத்திய ‘சுபமங்களா’வின் நீண்ட நேர்காணல்கள் வழியாகச் சிறுபத்திரிகை எழுத்தாளர்களின் முகமும் குரலும் பெட்டிக்கடைவரை வந்தன.

திருப்பூரில் ‘கனவு’

இந்தப் பின்னணியோடு 1987-க்கு வருவோம். தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டு செகந்திராபாத்தில் இருந்த சுப்ரபாரதிமணியன் அங்கிருந்து ‘கனவு’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். நெசவுக் குடும்பத்தில் பிறந்த கொங்குக்காரர். தமிழ் பேசாத நகரத்தில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஒரு கூடாரமாகத் தொடங்கிய இதழ், அவர் திருப்பூருக்கு மாறி வந்தபோது கூடவே வந்தது. முப்பது ஆண்டுகளைக் கடந்தும் வந்தது. ஒரு சிறுபத்திரிகையின் சராசரி ஆயுளைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அரிய செயல் என்பது தெரியும்.

‘கனவு’ திருப்பூருக்கு வந்ததால் என்ன நடந்தது? ஏற்றுமதிப் பணம் கொட்டிய காலத்தில் ஊர் தன்னைப் பற்றிப் பேசிய பேச்செல்லாம் டாலர் கணக்கு. நொய்யலில் சாயக்கழிவு ஓடியதையும், கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதையும், குழந்தைகள் கம்பெனிக்குப் போனதையும் எழுதியவர்கள் இலக்கியப் பத்திரிகைகளைச் சுற்றி இருந்தவர்கள். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1990-களின் இறுதியில் வந்தது. நொய்யல் பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டிருந்த நேரம் அது. சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரியில். தீர்ப்புக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் ஊரின் நோயை எழுதிவிட்டார். பின்னர் அந்த நாவல் ஆங்கிலத்துக்கும் போனது.

எம். கோபாலகிருஷ்ணனின் கதையும் இப்படித்தான். திருப்பூரில் பிறந்து சூத்ரதாரி என்ற பெயரில் சிறுபத்திரிகைகளில் எழுதியவர், ‘சொல் புதிது’ இதழின் ஆசிரியர் பொறுப்பிலும் இருந்தார். அவருடைய ‘அம்மன் நெசவு’ தறிக்குழியில் உட்கார்ந்த தலைமுறையின் கதை. ‘மணல் கடிகை’ பனியன் தொழில் வீங்கி எழுந்த ஆண்டுகளில் அதற்குள் வாலிபத்தைக் கொடுத்த நண்பர்களின் கதை. நெசவு முதல் ஏற்றுமதி வரையிலான திருப்பூரின் மாற்றத்தை அறிய இந்த இரண்டையும் படிக்காமல் முடியாது. கவிஞர் மகுடேசுவரனும் இந்த ஊர்க்காரரே. பக்கத்தில் வாய்ப்பாடியிலிருந்து வா.மு. கோமு ‘நடுகல்’ நடத்தினார். கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலத்தூரிலிருந்து கௌதம சித்தார்த்தன் ‘உன்னதம்’ நடத்தினார். பெரிய நகரத்தின் துணையில்லாமல், கிராமத்து அஞ்சலகத்தை மட்டுமே நம்பி உலக இலக்கியத்தைப் பேசிய இதழ்கள் இவை.

யாழ்ப்பாணத்துச் சலூனும் சிகாகோவும்

உழைப்பாளியின் கையில் பத்திரிகை தழைக்கும் என்பதற்குத் தமிழ் உலகத்தின் தலைசிறந்த சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சலூன் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடிதிருத்தும் கடையே அலுவலகம். அச்சான இதழைத் தாமே கையில் எடுத்துத் தெருத்தெருவாகப் போய் விற்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் நடத்திய அந்த இதழில் பேராசிரியர்கள் எழுதினார்கள். போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் ‘மல்லிகை’ 400 இதழ்களைத் தாண்டியது.

உலகத்தில் பெரிதாகப் பேசப்படும் நூல்களும் இப்படிச் சின்னஞ்சிறு இதழ்களில்தான் கண்விழித்தன. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ 1918 முதல் 1920 வரை ‘தி லிட்டில் ரிவ்யூ’வில் தொடராக வந்தது. 1914-இல் சிகாகோவில் மார்கரெட் ஆண்டர்சன் தொடங்கிய இதழ் அது. ஆபாசம் என்று வழக்குத் தொடுத்து 1921-இல் இரண்டு பெண் ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதித்தார்கள்.

விடுபட்டவர்கள்

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனியில் பாதிக்கு மேல் பெண்களைப் பார்க்கலாம். செக்கிங் மேசையிலும் கை மடிக்கும் இடத்திலும் அவர்கள் இல்லாமல் ஒரு பெட்டி கப்பலேறாது. ஆனால் அவர்கள் எழுதிய கதை இந்த இதழ்களில் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஆணுக்கு இலக்கியக் கூட்டம். பெண்ணுக்கு ஒரு வாரத்துத் துணியும் ரேஷன் வரிசையும். கூட்டம் முடிந்த பிறகும் டீக்கடையில் நின்று பேசுவதுதான் சிறுபத்திரிகைப் பண்பாடு. அந்தப் பேச்சில் ஒரு பெண் தொழிலாளி எப்படிக் கலந்துகொண்டிருக்க முடியும்? இதழ்களுக்குள் குழுச் சண்டையும் குறைவில்லை. பல நல்ல இதழ்களைக் கடனும் மனத்தாங்கலும் சேர்ந்தே சாய்த்தன.

சாய்ந்தவற்றைக் காப்பாற்றவும் ஆள் இருந்தார்கள். பொள்ளாச்சி நசன் தமிழகமெங்கும் வந்த சிற்றிதழ்களைத் தேடிச் சேர்த்தார். ‘சிற்றிதழ்ச் செய்தி’ என்று சிற்றிதழ்களுக்காகவே ஓர் இதழ் நடத்தினார். சேர்த்ததை இணையத்திலும் ஏற்றினார். பனியன் தொழிலில் நமக்கு மூத்த ஊரான கொல்கத்தாவில் சந்தீப் தத்தா 1978-இல் தம் வீட்டிலேயே சிறுபத்திரிகை நூலகம் ஒன்றை அமைத்தார். திருப்பூர் வட்டாரத்துக்கு அப்படி ஓர் இடம் வேண்டும். பரண்மேல் கட்டிவைத்த பழைய இதழ்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கும். வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கம்பெனிகளின் கணக்கேடு இந்த ஊர் எத்தனை பெட்டி அனுப்பியது என்று சொல்லும். அந்தப் பெட்டியைக் கட்டியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்த இதழ்களில்தான் பதிவாகியிருக்கிறது. அவற்றை இழந்தால் இந்த ஊரின் பாதி வரலாறு போய்விடும்.

இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கதையை எந்த மொழியில், எந்த இதழில் யார் எழுதப்போகிறார்கள்? நமது சிறுபத்திரிகைகளின் அடுத்த பணி அங்கே காத்திருக்கிறது.

(அடுத்த இதழில்: புத்தகக் கண்காட்சி திருப்பூருக்கு வந்த கதை)